எண்ணியல் முறைகளைக் கணினியில் கற்பது எப்படி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கல்லூரியில் நியூமரிக்கல் மெத்தட்ஸ் (எண்ணியல் முறைகள்: சூத்திரத்தால் நேரடியாகத் தீராத கணக்குகளுக்கு எண்களை வைத்தே தோராய விடை காண்பது) தாளில் நல்ல மதிப்பெண்ணே வாங்கினேன். நியூட்டன்-ராப்சன் கணக்கு வந்தால் கால்குலேட்டரில் சூத்திரத்தைப் போட்டு, சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தி, நாலு தசம இடம் வரை எழுதிவிடுவேன். ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்டில் ஒரு கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணினியில் கணக்குப் போட வேண்டி வந்தபோது மூன்று வாரம் வீணாகப் போனது. பிழை நிரலில் இருக்கிறது என்று வரிவரியாகத் தேடினேன். நிரலில் பிழையே இல்லை. நான் எடுத்த நேர இடைவெளிதான் தப்பு. அப்படி ஒன்று தப்பாகலாம் என்பதைத் தேர்வுக்குப் படித்தபோது நான் கவனித்ததே இல்லை.

அதற்குப் பிறகு முதலிலிருந்து தனியாகப் படித்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறியியல், இயற்பியல், கணிதம் படிக்கிறவர்களுக்கும், வேலைக்குப் போனபின் இது தேவைப்படுகிறவர்களுக்கும் உதவும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால் நாலு மாதத்தில் முடியும்.

1. முதலில் உங்கள் கணிதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு அளவுக்கு வகையிடல், தொகையிடல், அணிகள் தெரிந்திருந்தால் போதும். டெய்லர் தொடர் மட்டும் கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் வரும் பிழைக் கணக்கு பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. எனவே அதற்கு ஒரு வாரம் தனியாகக் கொடுங்கள்.

தமிழில் தொடங்க விரும்பினால் தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தை எடுங்கள். அதில் எண்ணியல் முறைகள் என்றே ஒரு பாடம் இருக்கிறது. இலவசமாகப் பதிவிறக்கலாம். முன்னோக்கு வேறுபாடு, லக்ராஞ்சி இடைச்செருகல் எல்லாம் அதில் எளிமையாக இருக்கும். கணினி பற்றி அதில் தேடாதீர்கள். கையால் போடும் கணக்குகள்தான்.

2. மென்பொருள்: காசு கொடுக்க வேண்டாம்

இரண்டு வழி உண்டு. ஒன்று பைத்தான், அதனோடு நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் என்ற நூலகங்கள் (கணக்குக்கும் வரைபடத்துக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்). இன்னொன்று ஜிஎன்யு ஆக்டேவ். இரண்டும் இலவசம். கல்லூரியில் மேட்லேப் பழகியவர்களுக்கு ஆக்டேவ் உடனே கைவரும், ஏனென்றால் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றே. வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பைத்தானே நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். பைத்தானில் பட்டியலின் முதல் உறுப்பு 0, ஆக்டேவில் 1. இந்த ஒரு வித்தியாசமே உங்கள் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும்.

விண்டோஸில் பைத்தான் நிறுவும்போது முதல் திரையின் அடியில் பாத்-இல் சேர்க்கட்டுமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால் பிறகு கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று அடித்தால் கிடைக்கவில்லை என்று வரும். புதிதாக வருகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

மடிக்கணினி பழையது என்றால் கூகுள் கோலாப் போதும், உலாவியிலேயே ஓடும். நீங்கள் எழுதும் நோட்டுப்புத்தகக் கோப்பு டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் நிரல் உருவாக்கும் மற்ற கோப்புகள் அமர்வு முடிந்ததும் அழிந்துவிடும். வரைபடம், தரவு எதுவானாலும் அன்றன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் இரண்டு வாரம்: கணினி எண்ணை எப்படி வைத்திருக்கிறது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலானவர்கள் நேராக நியூட்டன் முறைக்குத் தாவுகிறார்கள். நானும் அப்படித்தான் தாவினேன். மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் இது.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருப்பதால் 0.1 அதற்குள் சரியாக அடங்காது. சாதாரணமாகப் பயன்படும் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 53 பிட் துல்லியம் இருக்கிறது. தசமத்தில் சொன்னால் ஏறக்குறைய 16 இலக்கம். 1-க்கு அடுத்து கணினிக்குத் தெரிந்த எண் 1-ஐ விட சுமார் 2.2 × 10⁻¹⁶ பெரியது. நடுவில் ஒன்றும் இல்லை.

16 இலக்கம் தாராளம்தானே என்று தோன்றும். கீழே உள்ளதை நீங்களே தட்டிப் பாருங்கள். எக்ஸ் வர்க்கம், கழித்தல் 10⁸ எக்ஸ், கூட்டல் 1, சமம் 0. பள்ளியில் படித்த இருபடிச் சூத்திரத்தை அப்படியே நிரலாக எழுதினால் பெரிய மூலம் 10⁸ என்று சரியாக வரும். சிறிய மூலம் 10⁻⁸ ஆக இருக்க வேண்டும், வருவதோ 7.45 × 10⁻⁹. நூற்றுக்கு இருபத்தைந்து தப்பு! ஏறக்குறையச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது நல்ல இலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, கடைசியில் இருந்த குப்பை மட்டும் மிஞ்சுகிறது. தீர்வு எளிது. பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடித்து, மூலங்களின் பெருக்கற்பலன் 1 என்பதைக் கொண்டு 1-ஐ அதனால் வகுத்தால் சிறிய மூலம் துல்லியமாகக் கிடைக்கும்.

அப்புறம் இன்னொரு சோதனை. சைன் சார்பின் வகைக்கெழு, 1-இல் (ரேடியனில்), 0.5403023. இதை இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்துக் கண்டுபிடியுங்கள். இடைவெளி 0.1 என்றால் 0.4974 வரும், 0.01 என்றால் 0.5361. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை நெருங்குகிறது, 10⁻⁸-க்கு அருகே எட்டு இலக்கம் சரியாக இருக்கும். சரி, இன்னும் குறைத்தால்? 10⁻¹⁵-இல் 0.555 என்று கெட்டுப்போகும். 10⁻¹⁶-இல் விடை வெறும் 0, ஏனென்றால் 1-உடன் 10⁻¹⁶-ஐக் கூட்டினால் கணினிக்கு அது 1-தான். இந்தப் பிழையை இடைவெளிக்கு எதிராக மடக்கை வரைபடமாகப் போட்டால் ஆங்கில 'வி' மாதிரி ஒரு உருவம் வரும். அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். இடைவெளி சிறிதாகச் சிறிதாக விடை நன்றாகும் என்ற நம்பிக்கை எனக்குப் போனது அந்தப் படத்தால்தான்.

4. மூன்று, நான்காம் வாரம்: சமன்பாட்டின் மூலம்

நம் ஊர்ப் பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கையே எடுங்கள்: 3 எக்ஸ் = கொசைன் எக்ஸ் + 1. விடை 0.6071. இருகூறிடும் முறையை 0-க்கும் 1-க்கும் நடுவே தொடங்கினால் நாலு தசம இடத்துக்கு 14 தடவை பாதியாக்க வேண்டும். நியூட்டன் முறையில் (வளைவரையின் தொடுகோட்டைப் பிடித்து அடுத்த தோராயத்துக்குத் தாவுவது) 0.6-இலிருந்து தொடங்கினால் ஒரே தாவலில் 0.6071 வந்துவிடும். இரண்டையும் நீங்களே எழுதுங்கள், பத்து வரிக்கு மேல் போகாது.

விடை 0.6666 என்று வந்தால் உங்கள் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. தேர்வு அறையில் இதனால் முழுக் கணக்கையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். பைத்தானிலும் ஆக்டேவிலும் சைன், கொசைன் ரேடியனில்தான் கணக்கிடும்.

நியூட்டன் முறை வேகமானது என்பதால் அதையே நம்பிவிடாதீர்கள். எக்ஸின் மூன்றாம் அடுக்கு, கழித்தல் 2 எக்ஸ், கூட்டல் 2 என்ற கோவைக்கு 0-இலிருந்து தொடங்குங்கள். அடுத்து 1 வரும், அதற்கடுத்து மறுபடி 0, மறுபடி 1. காலம் முழுக்க அங்கேயே சுற்றும். எனவே எழுதும் ஒவ்வொரு சுழலிலும் 'இத்தனை தடவைக்கு மேல் போகாதே' என்று ஒரு வரம்பு வையுங்கள். வரம்பைத் தொட்டால் விடையைத் தராமல், குவியவில்லை என்று சொல்லும்படி எழுதுங்கள். வரம்பை எட்டியதும் கையில் இருந்த எண்ணையே விடையாகத் தரும் நிரலைப் போல ஆபத்தானது வேறில்லை.

5. ஐந்து முதல் எட்டாம் வாரம்: நேரியல் சமன்பாடுகள்

அதிகம் பயன்படப்போவது இதுதான். காஸ் நீக்கல் முறையைக் கையால் ஒருமுறை 3 × 3-க்குப் போடுங்கள், பிறகு நிரலாக எழுதுங்கள். அப்புறம் இந்தச் சிறு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: முதல் சமன்பாடு 10⁻²⁰ எக்ஸ் + ஒய் = 1; இரண்டாவது எக்ஸ் + ஒய் = 2. உண்மையான விடை இரண்டுமே ஏறக்குறைய 1. வரிசைகளை இடம் மாற்றாமல் நீக்கினால் எக்ஸ் 0 என்று வரும். வரிசைகளை மேலும் கீழும் மாற்றிவிட்டுச் செய்தால் 1 சரியாக வரும். பெரிய எண்ணை மேலே கொண்டுவந்து அதை வைத்து நீக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததன் அவசியம் இங்கே கண்முன்னே தெரியும்.

நேர்மாறு அணியைக் கண்டுபிடித்துப் பெருக்கும் பழக்கத்தை விடுங்கள். பள்ளியில் அப்படித்தான் படித்தோம், ஆனால் கணினியில் அது நேரமும் அதிகம், பிழையும் அதிகம். நம்பையில் இதற்கென்றே சால்வ் என்ற செயற்கூறு இருக்கிறது. ஆக்டேவில் ஒரு பின்சாய்கோடு போதும்.

செலவுக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். காஸ் முறையில் வேலை, சமன்பாடுகளின் எண்ணிக்கையின் கனத்துக்கு ஏற்ப ஏறும். எண்ணிக்கை இரண்டு மடங்கானால் நேரம் எட்டு மடங்கு. பூச்சியங்களே நிறைந்த அணி என்றால் அதைத் தனி வடிவில் சேமித்தால் பல மடங்கு மிச்சம்.

சில அணிகள் இயல்பிலேயே முரட்டுத்தனமானவை. 1, 1/2, 1/3 என்று தொடங்கும் ஹில்பெர்ட் அணியை 10 × 10 அளவில் எடுங்கள். அதன் நிலை எண் (உள்ளீட்டில் உள்ள சிறு பிழை விடையில் எத்தனை மடங்காகப் பெருகலாம் என்ற அளவு) சுமார் 1.6 × 10¹³. அதாவது உங்களிடம் உள்ள 16 இலக்கத்தில் 13 வரை போய்விடலாம், நம்பக்கூடியது மூன்றே. நிரல் ஒரு எச்சரிக்கையும் தராமல் 16 இலக்கத்தையும் அச்சடிக்கும். எனவே தெரியாத அணி எதுவானாலும் தீர்ப்பதற்கு முன் நிலை எண்ணைக் கேளுங்கள். ஒரே வரி வேலை.

6. ஒன்பது, பத்தாம் வாரம்: இடைச்செருகலும் தொகையிடலும்

இங்கே வேகமாகப் போகலாம். இரண்டே எச்சரிக்கை. சம இடைவெளியில் நிறையப் புள்ளிகள் எடுத்து அவை எல்லாவற்றின் வழியாகவும் ஒரே பல்லுறுப்புக்கோவையை இழுக்காதீர்கள், ஓரங்களில் கொந்தளிக்கும். அதற்கு ஸ்ப்லைன் (சிறு சிறு துண்டுகளாகப் போட்டு வழவழப்பாக இணைத்த கோவைகள்) பயன்படுத்துங்கள். தொகையிடலில், விடை தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் உங்கள் நிரலை நம்பாதீர்கள். சைனை 0 முதல் பை வரை தொகையிட்டால் 2. சிம்சன் விதியில் 4 பட்டைக்கு 2.00456 வரும், 8 பட்டைக்கு 2.00027. பட்டைகளை இரட்டித்தால் பிழை ஏறக்குறைய பதினாறில் ஒன்றாகக் குறைய வேண்டும். நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது என்றால் கெழுக்களில் எங்கேயோ தப்பு செய்திருக்கிறீர்கள்.

பாதியாக்கிப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம் உங்கள் எல்லா நிரலுக்கும் ஆகும். உண்மையான விடை தெரியாத கணக்கிலும், அடுத்தடுத்த மூன்று விடைகளின் வித்தியாசத்தை ஒப்பிட்டு இதைச் செய்யலாம்.

7. பதினொன்று முதல் பதினான்காம் வாரம்: வகைக்கெழுச் சமன்பாடுகள்

ஆய்லர் முறையில் தொடங்குங்கள்; இப்போதைய வேகமே அடுத்த படி வரை நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு அடுத்த மதிப்பைக் கணக்கிடுவது அது. ஒரு அளவு, தன் மதிப்புக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது, தொடக்கத்தில் 1. ஒரு நொடிக்குப் பிறகு 2.71828 இருக்க வேண்டும். 0.1 இடைவெளியில் ஆய்லர் தருவது 2.5937, 0.05-இல் 2.6533. அதே 0.1 இடைவெளியில் நான்காம் வரிசை ரூங்கே-குட்டா தருவது 2.71828. ஒரு படிக்கு நாலு மடங்கு வேலை வாங்கி இவ்வளவு துல்லியம் தருகிறது. இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால் மறக்காது.

இப்போது என் மூன்று வாரத்தை விழுங்கிய கணக்குக்கு வருகிறேன். ஒரு மீட்டர் தாமிரக் கம்பி. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தேன். எல்லாம் 0 டிகிரி, ஒரு முனையை மட்டும் 100 டிகிரியில் பிடித்து வைக்கிறேன். ஒவ்வொரு நொடிக்கும் அடுத்த வெப்பநிலையை இப்போதைய வெப்பநிலையிலிருந்து நேரடியாகக் கணக்கிடும் எளிய முறை. தாமிரத்தின் வெப்பப் பரவல் திறன் நொடிக்கு சுமார் 1.1 × 10⁻⁴ சதுர மீட்டர். முதல் நொடியில் முனைக்கு அடுத்த புள்ளி 110 டிகிரி ஆனது. இரண்டாம் நொடியில் அதே புள்ளி −22, பக்கத்துப் புள்ளி 121. பிறகு ஆயிரம், லட்சம் என்று கூட்டலும் கழித்தலுமாக ஏறிக்கொண்டே போனது.

100 டிகிரியில் பிடித்திருக்கும் முனையைவிடப் பக்கத்துப் புள்ளி சூடாக முடியாது. முதல் எண்ணிலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. நான் கடைசி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. புள்ளிகளின் இடைவெளியின் வர்க்கத்தை, பரவல் திறனின் இரு மடங்கால் வகுத்தால் வருவதைவிட நேர இடைவெளி பெரிதாக இருக்கக் கூடாது. என் கம்பிக்கு அது சுமார் 0.45 நொடி, நான் எடுத்ததோ 1 நொடி. புள்ளிகளை அரை சென்டிமீட்டருக்கு ஒன்று என்று நெருக்கினால் வரம்பு 0.11 நொடிக்கு இறங்கிவிடும். விடை சரியில்லையே என்று புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போனேன், ஒவ்வொரு தடவையும் நிலைமையை மோசமாக்கிக்கொண்டிருந்தேன். இப்போதைய வெப்பநிலையையும் அடுத்த வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடும் கிராங்க்-நிக்கல்சன் முறையில் நேர இடைவெளி பெரிதானாலும் எண்கள் இப்படி வெடிக்காது. அதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். ஐந்தாம் தலைப்பில் உள்ளதுதான் அதிகம் பயன்படும் என்று சொன்னது இதற்காகவும்தான்.

இந்தக் கணக்கை நீங்களும் வேண்டுமென்றே 1 நொடியில் ஒருமுறை ஓட்டி, வெடிக்கவிட்டுப் பாருங்கள். பிறகு 0.4-இல் ஓட்டுங்கள்.

8. நூலகத்துக்கு மாறுவது

ஒரு முறையை ஒருதரம் நீங்களே எழுதிவிட்டால் போதும். அதற்கப்புறம் சைபையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள், அது உங்கள் நிரலைவிட நன்கு சோதிக்கப்பட்டது. ஆனால் அதன் இயல்புநிலை அமைப்புகளைப் படியுங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சைபையின் சால்வ்-ஐவிபி செயற்கூறு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சார்புப் பிழை வரம்பை 10⁻³ என்று வைத்துக்கொள்ளும். மூன்று இலக்கம்தான் அது தேடுகிறது. கோள்களின் சுற்றுப்பாதை மாதிரி நீண்டநேரம் ஓடும் கணக்குக்கு அது போதவே போதாது. வரம்பை 10⁻⁶, 10⁻⁹ என்று இறுக்கி விடை மாறுகிறதா என்று பாருங்கள். ஓட்டம் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருந்தால், வெகுவேகமாகவும் வெகுமெதுவாகவும் மாறும் பகுதிகள் ஒரே கணக்கில் கலந்திருக்கலாம். அதற்கு ராடாவ் அல்லது பிடிஎஃப் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

9. சான்றிதழ் வேண்டுமென்றால்

பாடத்தை இலவசமாகப் படிக்க என்பிடெல் என்ற இணையப் பாடத்தளம் போதும். ஐஐடி ஆசிரியர்களின் எண்ணியல் முறைப் பாடங்கள் அதில் இருக்கின்றன, வருடத்துக்கு இரண்டு பருவம், ஜனவரியிலும் ஜூலையிலும். சான்றிதழ் தேவை என்றால் மட்டும் தேர்வு எழுத வேண்டும். நான் கட்டியது 1000 ரூபாய்.

கவனிக்க வேண்டியவை:

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பாடத்தில் சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துத் தேர்வுத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பதிவுக்கான கடைசி நாளை முதல் வாரமே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வாராந்திர அசைன்மென்ட்களுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சி பெற அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியே வேண்டும். தேர்வை மட்டும் நன்றாக எழுதிப் பயனில்லை.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரை பாருங்கள். தேர்வு நாளன்று ஹால் டிக்கெட்டின் அச்சுப் பிரதியும் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். செல்பேசியில் படம் காட்டலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

10. மொத்தச் செலவும் நேரமும்

மென்பொருளுக்கும் பாடத்துக்கும் செலவில்லை. தேர்வு எழுதினால் கட்டணமும் போக்குவரத்தும். புத்தகம் ஒன்று கையில் இருப்பது நல்லது. சென்னையில் இருந்தால் மூர் மார்க்கெட்டில் பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கும், இந்தப் பாடத்தின் அடிப்படை மாறவில்லை என்பதால் பழையதே போதும். காணொளிகளுக்கு இணையச் செலவு ஆகும், எனவே வைஃபை கிடைக்கும் இடத்தில் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது 14 வாரம். மீதி இரண்டு வாரத்தை உங்கள் துறையில் இருந்தே ஒரு கணக்குக்குக் கொடுங்கள். மெக்கானிக்கல் என்றால் அதிரும் ஒரு உத்தரம், எலக்ட்ரிக்கல் என்றால் ஒரு ஆர்எல்சி சுற்று, வேளாண்மை என்றால் மண்ணுக்குள் இறங்கும் ஈரம். எழுதும் நிரல் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று வரி இருக்கட்டும்: எந்த முறை, எந்த இடைவெளி, விடை தெரிந்த எந்தக் கணக்கை வைத்துச் சரிபார்த்தேன். ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறக்கும்போது நீங்கள் முதலில் தேடப்போவது அந்த மூன்றாவது வரியைத்தான்.